ஆல்வின் ஓய்வுபெறவில்லை என்று ஒரு தீர்மானம்

இருபத்திரண்டு வருஷம் கார்ப் பந்தயம் ஓட்டியும் ஒன்றில்கூட ஜெயிக்காத ஆல்வின் மெர்ட்டஸுக்கு, ஐஃபெல் மலைப்பக்கத்து ஓபர்ஹைட் கிராமத்தில் ரசிகர் சங்கம் இருந்தது. உறுப்பினர்கள் நாற்பத்தொரு பேர். ஜெயிக்கிறவன் எவனாவது ஓட்டத்தின் நடுவே கூட்டத்தைப் பார்த்துக் கையசைப்பானா? ஆல்வின் ஒவ்வொரு சுற்றிலும் அசைப்பார். அந்த நேரம் பார்த்துப் பின்னால் வருகிறவர்கள் முந்திக்கொண்டு போவார்கள். ஊருக்கு அவர்மேல் கொள்ளைப் பிரியம்.

ஐம்பத்தாறாவது வயதில் அவருடைய இடது கண் மங்கியது. டாக்டரைத் தவிர யாருக்கும் தெரியாது. ஓட்டுவதை விட்டால் ஊரில் ஒரு நாய்கூடத் தன்னைத் திரும்பிப் பார்க்காது என்று மனுஷருக்கு உள்ளூர நடுக்கம். ஆனாலும் யார்மேலாவது காரை ஏற்றுவதற்கு முன் நிறுத்தியாக வேண்டுமே. ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்து சங்கம் பீர்க்கடையில் கூடியபோது, "இத்தோட பந்தயத்த விட்டுடறேன்" என்றார்.

சங்கத் தலைவி ரோஸ்வீத்தா, கசாப்புக் கடைக்காரி, விதிப் புத்தகத்தைப் புரட்டினாள்.

"விட முடியாது ஆல்வின். ரெண்டாவது விதியப் பாரு. 'ஆல்வினின் பந்தய ஓட்டத்தை ஆதரிப்பதே நோக்கம்.' நீ நிறுத்தினா சங்கம் கலைஞ்சிடும். விதிப்படி சொத்தெல்லாம் ஊர்த் தீயணைப்புப் படைக்குப் போயிடும்."

"என்ன பெரிய சொத்து? ஒரு கறி சுடற அடுப்பு, பதினாலு பெஞ்சு."

"அந்த அடுப்ப அவனுங்ககிட்ட குடுக்கிறதுக்கு, என்னைய அதுல போட்டுச் சுட்டுடலாம்."

வாக்கெடுப்பு நடந்தது. ஆல்வின் ஓய்வுபெறவில்லை என்று நாற்பத்தொரு கைகளும் உயர்ந்தன. எதிர்த்து ஆல்வின் கையைத் தூக்கினார்.

"உனக்கு ஓட்டு கிடையாது. நீ உறுப்பினரே இல்ல" என்றாள் ரோஸ்வீத்தா. "வேணும்னா விண்ணப்பம் குடு. அடுத்த வருஷம் பாக்கலாம்."

ஆல்வினுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "எனக்கு இடது கண்ணு தெரியல, போதுமா? உன் மூஞ்சியே பாதிதான் தெரியுது."

குறிப்பு எழுதிக்கொண்டிருந்த செயலர் எகோன், "இதக் குறிப்புல எழுதணுமா?" என்று கேட்டார்.

ரோஸ்வீத்தா அவருடைய பேனாவைப் பிடுங்கினாள். இரண்டாவது விதியில் 'பந்தய ஓட்டத்தை' என்பதை அடித்துவிட்டு, 'ஆல்வினை ஆதரிப்பதே நோக்கம்' என்று திருத்தினாள். மறுபடி வாக்கெடுப்பு. நாற்பத்தொரு கைகள்.

"டாக்டர்கிட்ட எப்ப போற?" என்று கேட்டாள்.

"செவ்வாக்கிழம, பத்து மணிக்கு."

"எகோன், இத எழுது."

செவ்வாயன்று கண் மருத்துவமனையின் திறந்த ஜன்னலுக்கு வெளியே சங்கம் முழுவதும் கொடியோடு நின்றது. அடுப்பில் தொத்திறைச்சி சுட்டுக்கொண்டிருந்தார்கள். டாக்டரம்மா ஆல்வினின் வலது கண்ணைப் பொத்தி, சுவரிலிருந்த எழுத்து அட்டையைக் காட்டினார்.

"முதல் எழுத்து என்ன?"

"ஓ."

அட்டையில் இருந்தது 'ஈ'. வெளியே கொம்பு ஊதிக் கைதட்டினார்கள். டாக்டரம்மா ஜன்னலில் தலையை நீட்டி, "அவர் தப்பாச் சொல்லியிருக்காருங்க" என்றார்.

"தெரியுங்க" என்றாள் ரோஸ்வீத்தா. "அடுத்த எழுத்தக் கேளுங்க."

ஆல்வினுக்கு அழுகை பொங்கிவிட்டது. அதற்கப்புறம் அட்டையே தெரியவில்லை. வாய்க்கு வந்த எழுத்துகளைச் சொல்லிக்கொண்டே போனார்.