கீழ்வேளூர் அரிசி ஆலையில் போட்டானிக்ஸ் வகுப்பு எடுத்த கதை

போன பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, திருச்சியிலிருந்து கீழ்வேளூருக்குப் பதினான்கு மாணவர்களைப் பாசஞ்சர் ரயிலில் கூட்டிக்கொண்டு போனேன். போன இடம் ஓர் அரிசி ஆலை. மாணவர்களை எங்காவது அழைத்துப் போய்ப் பாடம் நடத்தலாம் என்று யோசிக்கும் ஆசிரியர்களுக்கு உதவுமே என்று எழுதுகிறேன். நாங்கள் செய்த தப்புகளையும் சேர்த்தே எழுதியிருக்கிறேன்.

முதலில் காரணம். நான் ஒரு பொறியியல் கல்லூரியில் போட்டானிக்ஸ் நடத்துகிறேன். ஒளியை உண்டாக்குவது, கடத்துவது, அளப்பது பற்றிய விருப்பப் பாடம் அது. விருப்பப் பாடத்தில் ஒரு சிக்கல், விருப்பம் இருந்தால்தான் பாடம் இருக்கும். ஜனவரியில் எங்கள் துறைத் தலைவர் கூப்பிட்டு, டீயும் வாங்கிக் கொடுத்து, மெதுவாகச் சொன்னார். "அடுத்த வருஷம் இருபது பேராவது சேரலைன்னா இந்தப் பேப்பரை எடுத்துடலாம் மேடம். பசங்க எல்லாம் ஏஐதான் கேக்குறாங்க."

அன்று மத்தியானமே வகுப்பில் கேட்டேன், ஏன் யாரும் சேர்வதில்லை என்று. எல்லோரும் மேசையைப் பார்த்தார்கள். முதல் பெஞ்சு நஸ்ரின் மட்டும் எழுந்தாள். "மேடம், நீங்க கிளாசுக்கு வந்ததும் லைட்டை அணைச்சுட்டு பிபிடி போட்டுடுறீங்க. லைட்டைப் பத்தின கிளாஸ்ல எங்களுக்கு லைட்டே இல்லை."

கொஞ்ச நேரம் நானும் மேசையைப் பார்த்தேன். கீழ்வேளூர் பக்கம் அவளுடைய மாமாவுக்கு அரிசி ஆலை இருக்கிறது, அங்கே ஒவ்வொரு அரிசியையும் கேமரா வைத்துப் பார்க்கும் மெஷின் இருக்கிறது என்று அவள்தான் சொன்னாள். இப்படித்தான் பயணம் முடிவாயிற்று.

காலை 6.50க்குத் திருச்சி ஜங்ஷனில் ரயில். டிக்கெட் ஆளுக்கு முப்பது ரூபாய், தூரம் ஏறக்குறைய 120 கிலோமீட்டர். ரயிலிலேயே ஒரு மணி நேரம் பாடம் நடத்திவிடலாம் என்று லென்ஸ், பட்டகம் எல்லாம் பையில் வைத்திருந்தேன். பூதலூரில் ஒரு எக்ஸ்பிரஸ் வண்டிக்கு வழிவிடப் பதினான்கு நிமிடம் நின்றபோது பட்டகத்தை எடுத்துத் திரும்பிப் பார்த்தேன். பதினான்கு பேரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். எதிரே உட்கார்ந்திருந்த அம்மா மட்டும் விழித்திருந்தார். என்ன படிக்கிற பிள்ளைகள் என்று கேட்டார். போட்டானிக்ஸ் என்றேன். "போட்டோ படிப்பா? எங்க அண்ணன் மகளுக்கு வைகாசில கல்யாணம். சும்மா எவ்வளவு கேப்பாங்கன்னு சொல்லுங்களேன்" என்றார். தஞ்சாவூர் வரும்வரை அவருக்கு ஒளிவிலகலை விளக்கினேன். இறங்கும்போது, "ஆல்பத்தோட சேர்த்துச் சொல்லுங்க" என்று நம்பர் வாங்கிக்கொண்டு போனார்.

தஞ்சாவூரைத் தாண்டியதும் சன்னல் ஓர இருக்கை பிடித்துவிடுங்கள். சம்பா அறுவடை நடந்துகொண்டிருந்தது. அறுவடை இயந்திரங்கள் ஒரு பக்கம், வைக்கோலைச் சுருட்டிக் கட்டும் மெஷின் இன்னொரு பக்கம், ரோட்டில் பாதிக்கு மேல் நெல் காயப்போட்டிருந்தார்கள். 9.40க்குக் கீழ்வேளூர்.

ஸ்டேஷனிலிருந்து ஆலை நான்கு கிலோமீட்டர். நான்கு ஆட்டோ, ஆட்டோவுக்கு நூற்று ஐம்பது. நான் ஏறிய ஆட்டோக்காரர் ஆலையின் பேரைக் கேட்டதுமே, "கல்லு எடுக்கற மெஷின் மக்கர் பண்ற மில்லுங்களா?" என்றார்.

"கல்லு இல்லைங்க, கலர் பார்த்துப் பிரிக்கிற மெஷின்" என்று திருத்தினேன்.

"அதேதாங்க. அது நேத்திலேர்ந்து மக்கர்."

மெஷின் பெயரைத் திருத்துவதில் இருந்த கவனத்தில் அவர் சொன்ன செய்தியைக் கோட்டைவிட்டேன்.

ஆலை வாசலிலேயே ஹாஜா பாய் நின்றிருந்தார். நஸ்ரினின் மாமா இவர்தான். பதினெட்டு வருடம் துபாயில் கடை வைத்திருந்துவிட்டு வந்து இந்த ஆலையைத் தொடங்கியவர். "வாங்கம்மா, வாங்க. பிள்ளைங்க எல்லாம் நல்லா பார்க்கணும்னு எல்லா ஏற்பாடும் பண்ணி வெச்சிருக்கேன்" என்று உள்ளே அழைத்துப் போனார். ஏற்பாடு பலமாகத்தான் இருந்தது. மெஷினின் கறுப்புக் கதவைக் கழற்றிவிட்டுத் தெளிவான பிளாஸ்டிக் கதவு போட்டிருந்தார். அதற்கு நேர் எதிரே புதிதாக ஒரு பெரிய ஃப்ளட் லைட். போட்டோ எல்லாம் பளிச்சென்று வந்தன. மனதாரப் பாராட்டினேன்.

மெஷின் வேலை செய்யும் விதம் இதுதான். மேலே தொட்டியிலிருந்து அரிசி சாய்வான தகடு வழியாக மழை மாதிரி விழுகிறது. விழும் வழியில் இரண்டு பக்கமும் எல்இடி விளக்கு, கேமரா. கறுத்த அரிசியோ பழுப்பு அரிசியோ கண்ணில் பட்டால், கீழே இருக்கும் சின்னக் குழாயிலிருந்து காற்று 'டப்' என்று அடித்து அந்த ஓர் அரிசியை மட்டும் தனியாகத் தள்ளிவிடும். நான் மூன்று மாதம் நடத்தும் பாடம் முழுக்க ஓர் ஆள் உயரப் பெட்டிக்குள் இருக்கிறது.

ஆனால் அன்றைக்கு அது நல்ல அரிசியையும் தள்ளிக்கொண்டிருந்தது. விட்டு விட்டு, பொரிகிற மாதிரி, பிடிபிடியாக. கழிவுப் பக்கத்தில் வெள்ளை வெளேரென்று குவியல்.

"சர்வீஸ் ஆளு கோயம்புத்தூர்லேர்ந்து திங்கக்கிழமைதான் வருவாராம். சாயங்காலம் நாலு மணிக்கு லாரி வருது, இருநூறு சிப்பம் அரிசி ஏத்தணும்" என்றார் பாய். பிறகு முகம் மலர்ந்து, "நீங்கதான் வெளிச்சத்துலயே டாக்டர் பட்டம் வாங்கினவங்களாமே. ஒரு பார்வை பார்த்துடுங்கம்மா."

பதினான்கு தலைகள் என் பக்கம் திரும்பின. என் ஆராய்ச்சி, முடியைவிட மெல்லிய கண்ணாடி அமைப்புகளுக்குள் ஒளி எப்படிப் போகிறது என்பது. அதில் மூன்று கட்டுரை வந்திருக்கிறது. ஒளியை வைத்து வேலை செய்யும் ஒரு மெஷினை நான் அதுவரை திறந்து பார்த்ததில்லை. இதை அங்கே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

மெஷினை ஓட்டுகிறவர் வசந்தா. பக்கத்து ஊர்க்காரர், முப்பது வயது இருக்கும், எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா படித்தவர். "மேடம், ஒண்ணு சொல்லலாமா?" என்றார்.

"ஒரு நிமிஷம்மா" என்று சொல்லிவிட்டு விளக்க ஆரம்பித்தேன். எல்இடி சூடானால் அதன் நிறம் லேசாக நகரும், கேமராவின் கணக்கு தப்பும் என்று. சாக்கின் மேல் மார்க்கரால் வரைந்து காட்டினேன். சொன்னது அத்தனையும் சரி. அந்த மெஷினுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்பது மட்டும்தான் குறை.

சூட்டைக் குறைக்க ஆபீஸ் அறையிலிருந்த பெடஸ்டல் ஃபேனைக் கொண்டுவரச் சொன்னேன். போட்டதும் தரையிலிருந்த தவிடு மொத்தமும் எழும்பியது. இரண்டு நிமிடத்தில் எல்லோரும் ஒரே நிறமானோம். மெஷின் கேமராவின் கண்ணாடியைத் துடைத்தோம். மறுபடி துடைத்தோம். வசந்தா இரண்டாவது தடவை, "மேடம், அந்த லைட்டை..." என்றார். "ஆமாம்மா, எல்இடியைத்தான் பார்த்துட்டிருக்கோம்" என்றேன். மணி பத்தரையில் தொடங்கியது, பன்னிரண்டே கால் ஆகிவிட்டது. கழிவுக் குவியல் முட்டி உயரம் வந்திருந்தது. பாய் அடிக்கடி மணியைப் பார்த்தார். இருபது பேரைச் சேர்க்க வந்து, இருக்கும் பதினான்கு பேரிடமும் மானம் போகப்போகிறது என்று தோன்றியது.

தினேஷ் என்று ஒரு கடைசி பெஞ்சு மாணவன். வந்ததிலிருந்து ரீல்ஸ் எடுத்துக்கொண்டிருந்தான். "போனை உள்ள வை" என்று அவனிடம் மூன்று தடவை சொல்லியிருந்தேன். நான்காவது தடவை சொன்னபோது அவன் சலிப்போடு, "எடுத்தாலும் நல்லா வரலை மேடம். கறுப்புக் கறுப்பா கோடு ஓடுது" என்றான்.

வாங்கிப் பார்த்தேன். வீடியோவில் மெஷின் மீது, மேலிருந்து கீழாகக் கறுப்புப் பட்டைகள் நகர்ந்துகொண்டிருந்தன. நஸ்ரின் எட்டிப் பார்த்தாள். "மாமா, அந்த ஃப்ளட் லைட்டை எப்பப் போட்டீங்க?"

"நேத்து மத்தியானம்."

"மெஷின் எப்பலேர்ந்து இப்படி?"

பாய் யோசித்தார். "நேத்து மத்தியானம்."

வசந்தா நடந்து போய் சுவிட்சை அணைத்தார். பழைய கறுப்புக் கதவை எடுத்து மாட்டினார். மெஷினை ஒரு தடவை நிறுத்தி ஓட்டினார். கழிவுப் பக்கத்தில் கறுத்த அரிசி மட்டும் ஒன்றிரண்டாக விழ ஆரம்பித்தது.

"நான் காலையிலேயே கேட்டேன், லைட்டை அணைச்சுப் பார்க்கலாமான்னு" என்றார் வசந்தா. "காலேஜ் பிள்ளைங்க வர்றாங்க, இருட்டுலயா நிக்க வெக்கிறதுன்னு பாய் சொல்லிட்டாரு. அப்புறம் உங்ககிட்ட ரெண்டு தடவை கேட்டேன்."

"அவங்களுக்காகத்தான போட்டேன்" என்றார் பாய், ஃப்ளட் லைட்டைப் பார்த்தபடி.

வசந்தாவிடம் மன்னிப்புக் கேட்டேன், எல்லோர் முன்னாலும். பிறகு பாடம் நடத்தினேன். மலிவான லைட்டு வினாடிக்கு நூறு தடவை மங்கிப் பிரகாசிக்கும், நம் கண்ணுக்குத் தெரியாது, வேகமாகப் படம் பிடிக்கும் கேமராவுக்குத் தெரியும். மங்குகிற நேரத்தில் விழும் நல்ல அரிசியும் மெஷினுக்குக் கறுத்த அரிசிதான். பாய் பிளாஸ்டிக் கதவை மறுபடி மாட்டி, லைட்டைப் போட்டுப் போட்டு அணைத்தார், மாணவர்கள் அரிசியைப் பார்த்தார்கள். மூட்டை தூக்குகிறவர்கள்கூட வேலையை நிறுத்திவிட்டு வந்து நின்றார்கள். என் ஆசிரியர் வாழ்க்கையில் ஒருவரும் கொட்டாவி விடாத இருபது நிமிடம் அது.

பாய் வீட்டிலிருந்து ஒன்றரைக்குப் பிரியாணி வந்தது. ஒதுக்கின நல்ல அரிசியை மறுபடி மெஷினில் போட்டார்கள். லாரி 4.25க்குக் கிளம்பியது, நாங்கள் ஐந்து மணி ரயிலுக்கு.

தினேஷ் நாற்பது வினாடி ரீல் ஒன்று போட்டான். கறுப்புப் பட்டை, அரிசி மழை, கடைசியில் வசந்தாவின் முகம், "உங்ககிட்ட ரெண்டு தடவை கேட்டேன்." அந்தக் கடைசி வரியை எடுத்துவிடச் சொல்லிப் பார்த்தேன். அதுதான் மேடம் மெயின் என்றான். கல்லூரி முழுக்கப் பார்த்தது. புது வருடத்துக்கு இருபத்து மூன்று பேர் சேர்ந்தார்கள். அதில் ஐந்து பேர் பிரியாணியைப் பற்றி விசாரித்துவிட்டுச் சேர்ந்தவர்கள் என்று பிறகு தெரிந்தது. துறைத் தலைவர் வாழ்த்தினார். "ஒரு லைட்டை அணைக்க ரெண்டு மணி நேரமா மேடம்?" என்றும் கேட்டார்.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். ஆலை ஓடுகிற நாளில் போங்கள், அறுவடை சமயம் நல்லது. முகக்கவசம் கட்டாயம், தவிட்டுத் தூசி மூன்று நாளைக்கு இருமல் தரும். பெல்ட் ஓடும் இடத்தில் துப்பட்டா, தொங்கும் ஐடி கார்டு வேண்டாம். பதினைந்து பேருக்கு மேல் கூட்டிப் போகாதீர்கள், மெஷின் முன்னால் இடம் இல்லை. ஆளுக்கு முந்நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். முக்கியமாக, மெஷினை ஓட்டுகிறவரிடம் முதல் பத்து நிமிடம் பேசுங்கள். நீங்கள் பேசுவதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

இது நடந்து ஆறு மாதம் ஆகிறது. ஜூலையில் புது வகுப்பு தொடங்கியபோது ஒரு நாள் வசந்தாவைப் பேச அழைத்தேன். வந்தார். எங்கள் ஆய்வகத்தைச் சுற்றிப் பார்த்தார். மேடையில் ஏறவே இல்லை. "இங்க கெட்டுப்போய்க் கிடக்குறது என்னென்ன மேடம்?" என்றுதான் கேட்டார். அலமாரியைத் திறந்தோம். லேசர், பவர் மீட்டர், நிறமாலைமானி என்று பதினொரு சாமான் இருந்தன. இப்போது புதன்கிழமைதோறும் அதில் ஒன்றைக் கழற்றுவதுதான் வகுப்பு. இதுவரை மூன்று ஓடுகின்றன. நான்காவதை நேற்று நானே கழற்றி நானே மாட்டினேன். இரண்டு திருகு மிச்சமாகிவிட்டது. எங்கே போகவேண்டியது என்று இருபத்து மூன்று பேருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. வசந்தாவுக்குப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். சாயங்காலம் ஷிப்ட் முடிந்ததும் சொல்கிறேன் என்றிருக்கிறார்.