முதல் வரியில் எழுதிய கல்லூரி

உங்கள் மகளின் கல்லூரி விண்ணப்பத்தை நிரப்பியபோது கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தது யார்? மனசாட்சியைத் தொட்டுச் சொல்லுங்கள். அவளா, நீங்களா?

விண்ணப்பம் நிரப்பித் தரும் ‘ஃபார்ம் அக்கா’ தன்னிடம் வருகிற பெற்றோரிடம் முதலில் கேட்பது இதைத்தான். ஜெராக்ஸ் கடையின் மூலையில் அவருக்கு ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், வருகிறவர்களுக்கு ஒரே ஒரு நாற்காலி. அதில் பிள்ளைதான் உட்கார வேண்டும். பெற்றவர்கள் பின்னால் நிற்க வேண்டும். பதினெட்டு வருடமாக இதுதான் சட்டம். திமிர் பிடித்தவள் என்று பெயர் வாங்கியதும் இதனால்தான். இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார். ஏனென்றால் அவருடைய விண்ணப்பத்தை நிரப்பியது அவருடைய சித்தப்பா. கணக்கில் தொண்ணூற்றாறு வாங்கிய பெண்ணை, வீட்டுக்குப் பக்கம் என்கிற ஒரே காரணத்துக்காகத் தட்டச்சு வகுப்பில் தள்ளிவிட்டார் அந்த மகானுபாவர். கையெழுத்துப் போடும்வரை பெண்ணுக்கு எந்தப் படிப்பு என்றே தெரியாது.

போன ஆண்டு, இன்ஜினியரிங் கவுன்சலிங்குக்குக் கல்லூரிப் பட்டியலைப் பதிவு செய்யக் கடைசி நாள். மாலை நான்கு மணிக்கு ஒரு பஸ் டிரைவர் மகளோடு வந்தார். மகளுக்கு அரசுக் கல்லூரியில் சிவில் படிக்க ஆசை. வாங்கிய மதிப்பெண்ணுக்கு அது எட்டுகிற தூரம்தான். அப்பா கையிலோ ஒரு துண்டுச்சீட்டு. பெற்றோருக்கு வழிகாட்டுவதாகப் போர்டு மாட்டிய ‘கைடன்ஸ் சார்’ எழுதிக் கொடுத்தது. அதில் முதல் வரியில் ஊருக்கு வெளியே புதிதாக முளைத்த ஒரு தனியார் கல்லூரி. அரசுக் கல்லூரி இரண்டாவது.

மகளை எழுப்பிவிட்டுத் தானே நாற்காலியில் உட்கார்ந்தார் டிரைவர்.

“உறுதியா கிடைக்கிறத முதல்ல போடணும், ஆசைப்படறத அப்புறம் போடணும். சார் தெளிவா சொல்லிட்டாரு.”

அக்கா பொறுமையாகத்தான் விளக்கினார். பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்ப்பார்கள். எந்த வரியில் இடம் கிடைக்கிறதோ அதோடு நிறுத்திவிடுவார்கள். உறுதியானதை முதலில் போட்டால் மிச்சமெல்லாம் வெறும் அலங்காரம்.

“நீ டைப் அடிக்கிற வேலைய மட்டும் பாரும்மா.”

“அதத்தான் பாக்கறேன் சார். தப்பா அடிச்சா இதுல அழிக்க முடியாது.”

மகள் வாயைத் திறந்தாள். அப்பா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டாள். பதிவை உறுதிசெய்யும் ஓடிபி அவருடைய போனுக்குத்தான் வரும். போனைச் சட்டைப் பையில் போட்டார்; சீட்டை மேஜையிலேயே மறந்துவிட்டு, மகளை இழுத்துக்கொண்டு கைடன்ஸ் சாரின் ஆபீசுக்கே போய்ப் பதிவை முடித்தார்.

பத்து நாள் கழித்து வந்தார், வாயெல்லாம் பல்லாக. பின்னால் மகள், தலை நிமிராமல்.

“பாத்தியா? முதல் சாய்ஸே கிடைச்சிருச்சு. என்னமோ பெருசா பேசின.”

அக்கா ஒரு தாளை பிரிண்ட் எடுத்து நீட்டினார். அரசுக் கல்லூரியில் சிவிலுக்குக் கடைசியாக இடம் பெற்றவருக்கு அவர் மகளைவிடப் பதினோரு மதிப்பெண் குறைவு. டிரைவர் இரண்டு தடவை படித்தார்.

“சரி, அடுத்த ரவுண்டுல இதவிட மேல இருக்கற காலேஜுக்கு மாறலாம்னு ஆர்டர்ல போட்டிருக்கே.”

“கிடைச்சதுக்கு மேல எழுதியிருக்கற காலேஜுக்குத்தான் போகலாம் சார். முதல் வரிக்கு மேல என்ன எழுதியிருக்கீங்க?”

டிரைவர் தாளை மடித்தார். பிறகு அவர், எல்லாம் அவள் தலையெழுத்து என்று முணுமுணுத்தார்.

அக்கா விடவில்லை. டிராயரைத் திறந்து, அன்று விட்டுப்போன சீட்டை எடுத்து, பின்பக்கம் தெரியும்படி அவர் முன்னால் வைத்தார். அதே தனியார் கல்லூரியின் விளம்பரம். கீழே, சேர்க்கைக்குத் தொடர்பு கொள்ள, கைடன்ஸ் சாரின் செல் நம்பர்.

“தலையெழுத்தாம். எழுதினவன் நம்பரே இருக்கு, படிங்க.”

மகள்தான் அதைக் கையில் எடுத்தாள். அப்பாவைப் பார்க்கவில்லை. இன்றுவரை அவரோடு பேசுவதும் இல்லை.

அந்தக் கைடன்ஸ் சார் அதே இடத்தில்தான் இன்னும் கடை விரித்திருக்கிறார். இந்த ஆண்டும் பதிவு தொடங்கப்போகிறது. அவர் நீட்டுகிற சீட்டைத் திருப்பிப் பாருங்கள். பிறகு நாற்காலியை விட்டு எழுந்திருங்கள். பிள்ளையை உட்கார வையுங்கள். அவள் முடித்துவிட்டேன் என்று சொன்ன பிறகு, உங்கள் போனுக்கு வரும் ஓடிபியை அவளுக்கு வாசித்துக் காட்டுங்கள்.