பிரேக் அக்காவின் ஆல்பம்

கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வருபவர்கள் அவளுக்கு வைத்திருந்த பெயர் பிரேக் அக்கா. பயிற்சிக் காரில் சொல்லிக்கொடுப்பவரின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். கற்றுக்கொள்பவன் பதறி எதையாவது மிதிப்பதற்குள் அவள் பாதம் தன் பிரேக்கை மிதித்துவிடும். பதினோரு வருடத்தில் அவள் வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை.

“எப்படிக்கா முன்னாடியே தெரியுது?” என்று கேட்பார்கள்.

“தோளைப் பாத்தா தெரியும். தப்புப் பண்ணப்போற ஆளுக்கு முதல்ல தோள் தூக்கும்.”

இதை அவள் காரில் கற்கவில்லை. அண்ணனுக்குப் பின்னால் ட்ரம்ஸ் முன் உட்கார்ந்து பத்தொன்பது வருடம் கற்றாள்.

அண்ணன் பாடகன். நாலு பேர் சேர்ந்த ஆர்ட் ராக் குழு அவனுடையது. நேராகப் போக வேண்டிய பாட்டு திடீரென்று எகிறும், ஒரு அடி காணாமல் போகும், கேட்கிறவன் ‘ஆகா, இது என்ன கணக்கு!’ என்று வாயைப் பிளப்பான். அண்ணனின் மூளையே மூளை என்று எழுதாத பத்திரிகை கிடையாது. கணக்காவது, மண்ணாங்கட்டியாவது! அண்ணனுக்குத் தாளம் நிற்காது, அவ்வளவுதான். மூன்றாவது சரணம் வந்தால் ஆசாமிக்கு அவசரம் வந்துவிடும். அவன் வலது தோள் தூக்கும்போதே அவளுக்குத் தெரிந்துவிடும். அவன் அரை அடி முந்தியதும் இவள் ஒரு அடியை விழுங்கிவிட்டு ஓடிப்போய் அவனோடு சேர்ந்துகொள்வாள். விழுந்தவனைத் தாங்கிப் பிடித்தது, கேட்பவனுக்கு வேண்டுமென்றே ஆடிய நடனமாகத் தெரிந்தது. அண்ணனே அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தான். அவளும் போனால் போகிறது, கூடப்பிறந்தவன்தானே என்று வாயைத் திறக்கவில்லை.

ஒருநாள் அவளை நிறுத்திவிட்டு வேறொரு ட்ரம்ஸ்காரரைச் சேர்த்துக்கொண்டான். அதைக்கூடப் பொறுத்திருப்பாள். பேப்பரில் ஒரு பேட்டி கொடுத்தான் பாருங்கள், அதுதான் வயிற்றில் நெருப்பை வைத்தது. “என் தங்கச்சிக்குத் தாளம் நிக்கலைங்க. பாசத்துக்காக இத்தனை வருஷம் சமாளிச்சேன்.”

சமாளித்தானாம்!

அந்தப் பேப்பரை அவள் நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். மூன்று நாள் வீட்டில் பாத்திரங்கள்தான் பேசின. நான்காம் நாள் அவள் கணவன், திரைச்சீலை தைக்கிறவர், மெல்ல வாயைத் திறந்தார். “நேராப் போய் நாலு வார்த்தை நறுக்குன்னு கேட்டுட்டு வந்துடேன். பாத்திரங்களாவது பிழைக்கும்.”

“வார்த்தை எல்லாம் வேணாங்க. ஒரு ஆல்பம் போடப்போறேன். தனியா.”

“பாடுறதுக்கு ஆள்?”

“நானே பாடுவேன்.”

சிரித்திருந்தால் அன்றைக்கு அவர் கதை முடிந்திருக்கும். நல்ல மனிதர், சிரிக்கவில்லை. கடையில் மிச்சமிருந்த கனத்த துணியையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்து, கார் நிறுத்தும் அறையின் நாலு சுவரிலும் மூன்றடுக்காகத் தொங்கவிட்டார். ஒரு சுவர் ஊதா, ஒரு சுவர் பூப்போட்டது, மற்ற இரண்டும் ஆஸ்பத்திரிப் பச்சை.

எட்டு மாதம் ஞாயிற்றுக்கிழமை காலைகள் அங்கேயே போயின. ட்ரம்ஸையும் கீபோர்டையும் அந்த அறையில் பதிவுசெய்தாள். குரலைப் பதிவுசெய்ய, பயிற்சிக் காரின் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு உள்ளே உட்கார்ந்தாள். ஊரிலேயே எதிரொலி இல்லாத இடம் அதுதான். அவளுடைய குரல் கரகரப்பு. பாவனை தெரியாத குரல் என்பதால் சொன்னது சொன்ன இடத்தில் போய்த் தைத்தது. ஏழு பாட்டுகள் அவள் எழுதியவை. எட்டாவதில் குரலும் இல்லை, கீபோர்டும் இல்லை. அண்ணனுக்குப் பேர் வாங்கித் தந்த ‘உப்புக் கண்ணாடி’ பாட்டுக்கு அவள் பத்தொன்பது வருடம் வாசித்த ட்ரம்ஸ் மட்டும், பிசகாமல், அப்படியே. மனதுக்குள் அண்ணன் பாடிக்கொண்டிருந்தான், கை வாசித்தது. அவன் தோள் தூக்கும் இடமெல்லாம் கைக்கு மனப்பாடம்.

ஒலிகளைச் சேர்த்துக் கொடுத்த ஸ்டுடியோக்காரர் காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றினார். “எல்லாம் சரிம்மா, எட்டாவதுல பாட்டைக் காணோமே?”

“அது எங்க அண்ணன்கிட்ட இருக்கு.”

ஆல்பத்துக்குப் ‘பக்கத்து இருக்கை’ என்று பெயர் வைத்தாள். அண்ணன் வீட்டுக்கு முதல் பிரதியைத் தானே கொண்டுபோய்க் கொடுத்தாள். அண்ணி வாங்கி, மேசை மேல் வைத்து, அதன் மேல் தண்ணீர் டம்ளரை வைத்தாள். அதையும் இவள் மனதில் குறித்துக்கொண்டாள்.

முதல் விமர்சனம் அவளைக் குத்திக் கிழித்தது. ஏழு பாட்டுகள் பரவாயில்லையாம். எட்டாவது, நொண்டுகிற ஆள் தனியாக மாடிப்படி ஏறுவது போலிருக்கிறதாம். ‘தங்கைக்குத் தாளம் நிற்காது என்று அண்ணன் சொன்னது உண்மைதான்’ என்று முடித்திருந்தார் அந்த மகானுபாவர். அவள் அன்று காரின் கதவைச் சாத்திக்கொண்டு ஓவென்று அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு ஒருத்தனுக்கு ரிவர்ஸ் எடுக்கக் கற்றுக்கொடுத்தாள். பிரதிகள் கட்டுக் கட்டாகத் திரைச்சீலைகளுக்கு அடியில் கிடந்தன.

“விடு கழுதையை. நாம கேட்போம்,” என்றார் கணவர்.

“நாம கேக்குறதுக்கா போட்டேன்?”

இரண்டு மாதம் கழித்து, காலை நிகழ்ச்சி நடத்தும் ரேடியோக்காரி ஒருத்தி ஒரு காரியம் செய்தாள். குழுவின் பழைய பதிவையும் இந்த எட்டாவதையும் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து ஒலிபரப்பினாள். இரண்டு ட்ரம்ஸும் ஒன்றாகவே கேட்டன. பிறகு பழைய பதிவின் மூன்றாவது சரணத்தை மட்டும் நாலைந்து தடவை ஓட்டிக் காட்டினாள். “கவனிச்சீங்களா? பாட்டுக்காரர்தான் முதல்ல சறுக்குறார். ட்ரம்ஸ் பின்னாடியே ஓடிப் பிடிக்குது. பாவம், யாருக்குங்க தாளம் நிக்கல?”

பயிற்சிக் காரில் அதைக் கேட்டுக்கொண்டிருந்த பிரேக் அக்கா, பச்சை விளக்கு விழுந்தும் கற்றுக்கொள்பவனை வண்டியை எடுக்க விடவில்லை. பின்னால் ஹாரன்கள் அலறின. அடித்தால் அடிக்கட்டும் என்று காலைப் பிரேக்கிலேயே வைத்திருந்தாள். உடம்பெல்லாம் குளிர்ந்தது அவளுக்கு.

ஊரே அந்தப் பாட்டைக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்க ஆரம்பித்தது. போதாக்குறைக்கு அந்த மாதமே அண்ணனுக்குக் கச்சேரி. புதிய ட்ரம்ஸ்காரர் கடிகாரம் போல் நேராக வாசிக்கிறவர். மூன்றாவது சரணத்தில் அண்ணன் முந்த, அவர் தன் பாட்டுக்குப் போக, மற்ற இரண்டு பேரும் நடுவில் நின்று விழிக்க, கூட்டம் கொல்லென்று சிரித்துவிட்டது.

மறுவாரம் டிரைவிங் ஸ்கூல் வாசலில் அண்ணன் வந்து நின்றான். பெஞ்சில் ஐந்தாறு பேர் தங்கள் முறைக்குக் காத்திருந்தார்கள்.

“அடுத்த மாசக் கச்சேரிக்கு நீ வந்து உக்காரும்மா.”

“பேப்பர்ல சொன்னதை முதல்ல மாத்திச் சொல்லு.”

“நடந்தது நடந்துபோச்சு. சொன்னா என் பேரு என்னாகும்? அந்த ரேடியோப் பொம்பளை ஏதோ உளறுறதுக்கு நீயும் ஆடுறியே.”

“அப்படியா? வண்டில ஏறுண்ணா.”

கற்றுக்கொள்பவர்களின் இருக்கையில் அவனை உட்கார வைத்து, தான் பக்கத்து இருக்கையில் ஏறிக்கொண்டாள். கண்ணாடியை இறக்கிவிட்டாள். இண்டிகேட்டரைப் போட்டாள். டிக் டிக் என்று அது ஒரே சீராக அடித்தது.

“உப்புக் கண்ணாடியைப் பாடு. இந்தச் சத்தத்தோட.”

“விளையாடுறியா?”

“பாடுண்ணா. தாளம் நின்னுடுச்சுன்னா நானே பேப்பர்காரனைக் கூப்பிட்டு, எங்க அண்ணன் சொன்னது சரின்னு சொல்றேன்.”

அவன் பாடினான். என்ன இருந்தாலும் குரல் குரல்தான். பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து காரருகே வந்துவிட்டார்கள். முதல் சரணத்தில் தாளம் நின்றது. இரண்டாவதிலும் நின்றது. மூன்றாவது தொடங்கும்போது அவனுடைய வலது தோள் மெல்லத் தூக்கியது. உடனே அவள் பாதம் தானாகக் கிளம்பியது. பாழாய்ப்போன கால், பத்தொன்பது வருடப் பழக்கம்! அவள் இரண்டு கையாலும் முழங்காலை இறுக்கிப் பிடித்து, பாதத்தைத் தரையோடு அழுத்தினாள்.

அவன் முந்தினான். இண்டிகேட்டர் தன் வேகத்திலேயே அடித்தது. அவன் அதைத் தேடினான், இன்னும் முந்தினான், வார்த்தையை விட்டான், நின்றுவிட்டான். பெஞ்சுக்காரர்களில் ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டார்.

“முன்னாடி போயிட்டேன்,” என்றான் அண்ணன், மடியைப் பார்த்துக்கொண்டே.

“கேக்கல.”

“முன்னாடி போயிட்டேன். எப்பவும் நான்தான் போயிருக்கேன். நீதான் வந்து புடிச்சிருக்கே.”

“அவங்களுக்குக் கேக்கணும்.”

அவன் ஜன்னல் பக்கம் திரும்பி, அங்கே நின்றவர்களைப் பார்த்து, அதையே சத்தமாகச் சொன்னான். அவளுக்குத் துளிக்கூட இரக்கம் வரவில்லை. வராததற்காகச் சந்தோஷப்பட்டாள்.

“இப்பவாவது வருவியா?” என்றான்.

அவள் இண்டிகேட்டரை அணைத்தாள். “அடுத்த ஆளுக்கு நேரமாச்சு. இறங்குண்ணா.”