அது சூட்டு வலி இல்லை

அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையில் எங்களுக்கு ஜூஸ் கடை. பௌர்ணமிக் கூட்டத்தில் பாத்ரூம் போக வழியே இருக்காது. அதனால் ஏழு மாதக் கர்ப்பத்திலும் தண்ணீர் குடிக்காமல், அடக்கிக்கொண்டே வியாபாரம் பார்த்தேன். மறுநாள் நீர்க்கடுப்பு. சூடுதான் என்று நானே முடிவு கட்டி, இளநீர் குடித்து, தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்துக்கொண்டேன். கடுப்பு குறையவில்லை. ஒருநாள் அடிவயிறு விட்டுவிட்டுக் கல்லாக இறுகியது. பயந்துபோன கணவர் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

டாக்டரம்மா, "சூடு இல்லம்மா, யூரின்ல இன்ஃபெக்‌ஷன். கிருமியோட சண்டை போட உடம்பு சில ரசாயனங்களை அனுப்பும். அது ஜாஸ்தியானா கர்ப்பப்பையையும் உசுப்பிவிட்டுடும். மாசம் நிறையறதுக்குள்ள வலி வந்துடும். நல்லவேளை, வந்துட்டீங்க" என்றார். ஊசியும் மருந்தும் ஏற, வலி நின்றேவிட்டது!

மாதம் நிறைந்து பிறந்த என் மகள் போட்ட கூச்சலில் வார்டே திரும்பிப் பார்த்தது.

இப்போது கடைக்குப் பின்னாலேயே பாத்ரூம் கட்டிவிட்டோம். கர்ப்பிணி யார் வந்தாலும் ஜூஸ் போடும் முன்பே, "முதல்ல பின்னாடி போயிட்டு வாங்கக்கா. எரிச்சல் இருந்தா சூடுனு விட்டுடாதீங்க, டாக்டரைப் பாருங்க" என்பேன். கூச்சப்பட்டால், இடுப்பில் இருக்கும் மகளைக் காட்டுவேன்.

"இவ ஏழாம் மாசமே கிளம்பப் பார்த்தா. நாங்க விடலையே!"