கருப்புக் கயிற்றுக்கு அடியில்

வெள்ளாற்றங்கரையில் மாட்டுக்குப் புல் அறுத்து வருவது என் கணவர்தான். போன மாதம் அவருக்குக் காய்ச்சல். ஊர் ஆஸ்பத்திரியில் டெங்கு இல்லை, டைபாய்டும் இல்லை என்றார்கள். ஒரு வாரமாகியும் விடாமல், மூச்சும் வாங்கவே சிதம்பரம் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

"பூச்சி ஏதாவது கடிச்சுதா?" என்றார் டாக்டரம்மா.

"தெனம் நான்தான் ஒடம்பு தொடைச்சு வுடறேன். ஒண்ணுமில்லீங்க" என்றேன்.

அவர் என் கணவரின் அரைஞாண் கயிற்றை விலக்கினார். அடியில், கயிற்றைப் போலவே கருப்பாக ஒரு பொருக்கு.

"புல்லுல இருக்கற உண்ணி கடிச்சிருக்கும்மா. இது உண்ணிக் காய்ச்சல்."

அந்தக் கயிற்றின் மேலேயே தினமும் துடைத்திருக்கிறேன்.

அன்றே மருந்து கொடுத்தார்கள், பிழைத்தார். இப்போது அவர் இடுப்பில் சிவப்புக் கயிறு. புல் அறுத்து வந்தால் குளித்துவிட்டு, அதை விலக்கிக் காட்டிய பிறகுதான் சோறு போடுகிறேன்.