சத்தம் போடாத பிராணி வேண்டும்

அறுபதுகளின் நடுவில் நடந்தது இது. அப்போது நாங்கள் கோலார் தங்கவயலில் லைன் வீட்டில் குடியிருந்தோம். ஒரே நீளக் கூரையின் கீழ் வரிசையாக வீடுகள். ஒரு வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டிலிருந்து ‘நூறு’ என்று வாழ்த்துவார்கள்.

என் கணவருக்குச் சுரங்கத்தில் வேலை. வாரத்துக்கு ஒரு ஷிப்டு மாறும். நைட் ஷிப்டு வாரத்தில் காலையில் வந்து, குளித்துச் சாப்பிட்டுப் படுத்தால் மத்தியானம் வரை எழுப்பக்கூடாது. வாசலில் பூட்ஸ் இருந்தால் உள்ளே ஆள் தூங்குகிறார் என்று லைனில் எல்லோருக்கும் தெரியும். எங்கள் வாசலில் பூட்ஸ் இல்லாத வாரம் இடது பக்க வீட்டில் இருக்கும், இல்லையென்றால் வலது பக்கம். என் அப்பாவும் சுரங்கத்தில் இருந்தவர்தான். தூக்கக் கலக்கத்தோடு சுரங்கத்தில் இறங்கி அடிபட்டவர்களின் கதைகளைக் கேட்டே வளர்ந்தவள் நான். அதனால் என் பிள்ளைகள் வாயைத் திறந்தாலே ‘உஷ்’ என்பேன். போதாவிட்டால் ஒரு முறைப்பு.

அதன் பலன் பெரியவள் பள்ளிக்கூடம் போனதும் தெரிந்தது. ஐந்து வயது. எதைக் கேட்டாலும் கிசுகிசுவென்றுதான் பதில். டீச்சர் என்னைக் கூப்பிட்டனுப்பி, “படிக்கச் சொன்னா உதடு மட்டும்தாம்மா அசையுது. பசங்க ஊமைன்னு கூப்பிடறாங்க” என்றார். எனக்குச் சுருக்கென்றது.

பேச ஒரு துணை இருந்தால் குரல் தானாக வந்துவிடும், ஏதாவது ஒரு பிராணி வளர்க்கலாம் என்று முடிவு செய்தேன். நான் ஒன்றை நினைத்தால் முடிக்காமல் விடமாட்டேன். அது நல்ல குணமா கெட்ட குணமா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. கடிக்கக்கூடாது, பிறாண்டக்கூடாது, பெரிய வேலை வைக்கக்கூடாது, எல்லாவற்றுக்கும் மேலாகச் சத்தம் போடக்கூடாது. இதுதான் என் நிபந்தனை.

தங்கவயலிலேயே பாலகாட் பகுதியில் இருந்த நாத்தனார் வீட்டிலிருந்து ஒரு நாய்க்குட்டி வந்தது. சாதுதான். ஆனால் ஷிப்டு சங்கு ஊதும்போதெல்லாம் கழுத்தை நீட்டிக்கொண்டு அதுவும் கூடவே ஊளையிட்டது. மூன்றே நாளில் திருப்பி அனுப்பினேன். கோழி, முட்டையிட்ட கையோடு ஊரைக் கூட்டியது, குழம்பாயிற்று. பேத்தமங்களா ஏரியிலிருந்து பாட்டிலில் கொண்டுவந்த மீன்குஞ்சுகள் சத்தமே போடவில்லை. ஒரு வாரம் உயிரோடும் இருக்கவில்லை.

“வுட்டுத் தள்ளுக்கா. புள்ளைங்களை வளக்கறதே பெரும்பாடா கீது” என்றாள் இடது பக்க வீட்டுக்காரி. நான் கேட்டால்தானே! கடைசியில், ஆபீசர் பங்களாவில் ஆயா வேலை பார்த்த ஒருத்தி மூலம் ஒரு வெள்ளை முயல் கிடைத்தது. அருகம்புல்லும், மார்க்கெட்டில் கழித்துப்போடும் கோஸ் இலையும் அதற்குப் போதும். புழுக்கையைப் பெருக்கித் தள்ளினால் வேலை முடிந்தது. தூக்கினால் பஞ்சு மாதிரி கையில் கிடக்கும். சத்தமா, மூச்! லைன் முழுக்கப் பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன். “இவங்க புடிச்ச முயலுக்கு மூணே காலு” என்று இடது பக்க வீட்டுக்காரி சிரித்தாள்.

மகள் அதை மடியில் வைத்துக்கொண்டு அதன் காதில் கிசுகிசுவென்று பேசிக்கொண்டே இருப்பாள். என்ன பேசினாள் என்று எனக்குக் கேட்டதே இல்லை. பேசுகிறாளே, அதுபோதும் என்று இருந்துவிட்டேன்.

அது ஒரு நைட் ஷிப்டு வாரம். பள்ளிக்கூடத்துக்கு லீவு. காலை பதினொரு மணி இருக்கும். கணவர் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். சின்னவனும் அவர் பக்கத்திலேயே தூங்கிப்போயிருந்தான். மகளை முயலோடு கொல்லைப்பக்கம் விட்டுவிட்டு, நான் லைன் கோடியில் குழாயடிக்குப் போயிருந்தேன். குடம் பாதி நிறைந்திருக்கும், மகள் ஓடிவந்து என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். உதடு அசைந்தது. குழாயடிக் கூச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. “சும்மா இரு, கொடம் ரொம்பட்டும்” என்று அதட்டினேன். மறுபடியும் இழுத்தாள். எரிச்சலோடு குனிந்து காதைக் கொடுத்தேன்.

“அம்மா... நாய் வந்து முயலைப் புடிச்சிகிச்சு.”

குடத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். கொல்லையில் சாக்குப் படல் சரிந்து கிடந்தது. தெருநாயைக் கல்லால் அடித்து விரட்டினேன். முயல் என் கையிலேயே அடங்கிப்போனது.

நான் போட்ட கூச்சலில் கணவர் எழுந்து வந்தார். மகளைத் தூக்கிக்கொண்டு, “நைனா இங்கயேதான படுத்துகினு இருந்தேன்? ஒரு கொரல் குடுத்திருந்தா ஓடியாந்திருப்பேனே கண்ணு” என்றார்.

அவள் அவர் காதோரம் சொன்னது எனக்கும் கேட்டது. “நீ தூங்கிகினு இருந்தியே நைனா.”

பத்தடியில் அப்பா படுத்திருக்க, கத்தக்கூடாது என்பதற்காக லைன் கோடிவரை ஓடிவந்திருக்கிறது பிள்ளை. நாய்க்குப் பதில் பாம்பு வந்திருந்தால்? சின்னவன் எரிகிற ஸ்டவ்வை இழுத்துப் போட்டிருந்தால்? அப்போதும் முந்தானையைத் தேடித்தான் ஓடிவந்திருப்பாள். பாவி, நான் அப்படித்தானே வளர்த்திருக்கிறேன்!

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை கணவரிடம் சொன்னேன். “பாயைப் போட்டுப் படுங்க. அவ எழுப்பட்டும். சத்தமா கூப்புடற வரைக்கும் எழுந்துக்காதீங்க.” அவர் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டார். மகளை வாசற்படியில் நிறுத்தி, கிட்டே போகாமல் எழுப்பு என்றேன்.

“நைனா.” காற்றுதான் வந்தது.

“கேக்கலை” என்றேன். மறுபடி கூப்பிட்டாள். “கேக்கலை.” அவள் கண்ணில் நீர் முட்டியது. அப்பாவைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், எப்போது ‘உஷ்’ சொல்வேன் என்று. எனக்கும் அழுகை வந்தது. ஆனாலும் விடவில்லை. “நைனாவை எழுப்புடீ!” என்று நானே தொண்டை கிழியக் கத்தினேன். ஆள் தூங்குகிற நேரத்தில் நான் வேண்டுமென்றே கத்தியது அதுதான் முதல் தடவை.

“நைனா!” என்று ஒரு கத்து கத்தினாள் பாருங்கள், கணவர் வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்தார். வலது பக்க வீட்டில் நிஜமாகவே தூங்கிக்கொண்டிருந்த அண்ணன் லுங்கியைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்து, “இன்னாச்சு? யாருக்கு இன்னாச்சு?” என்றார். நான் விஷயத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டே மகளைப் பார்த்து, “இன்னொரு வாட்டி கத்து, கேப்போம்” என்றார். அவள் என்னைத் திரும்பிப் பார்க்காமலேயே கத்தினாள்.

இப்போதும் யாராவது, பிள்ளைகளுக்குச் சாதுவாக, தொந்தரவில்லாமல் என்ன வளர்க்கலாம் என்று என்னைக் கேட்பதுண்டு. முயல் நல்லதுதான் என்று சொல்லிவிட்டு, ஆபத்து என்றால் உங்கள் பிள்ளை வாய்விட்டுக் கத்துமா என்று கேட்பேன். அந்தக் கேள்வி எனக்குத் தோன்ற ஒரு வாயில்லா ஜீவன் சாக வேண்டியிருந்தது.