மச்சாளுக்கு வந்த தடைக் கடிதம்

எங்கள் குடும்பத்தில் முதலில் பல்கலைக்கழகம் போனவள் நான். ஜெர்மனியில் எசன் நகரத்தில் உள்ள உறவினர்கள் ஜெர்மன் கடிதம் எது வந்தாலும் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். ஆனால் கல்யாண வீட்டில் மாமி தன் மகளைத்தான் மேசை மேசையாகக் கூட்டிப் போவார். "இவ எங்கட பொலிஸ்காரி" என்பார். என்னைக் காட்டி, "இவளும் ஏதோ படிச்சவள்" என்பார்.

அந்த மச்சாள் லீவு நாட்களில் ஒரு தனியார் நிறுவனத்துக்காக, நாடு கடத்தப்படவிருந்தவர்களை அடைத்துவைத்திருந்த இடத்தில் காவல் நின்றாள். ஒருநாள் பொலிஸ் மேலதிகாரியின் கடிதத்தோடு வந்தாள். இனி ஓய்வு நேரத்தில் அந்த வேலை செய்யக்கூடாது; சீருடை இல்லாவிட்டாலும் அங்குள்ளவர்கள் அவளை அரசாங்கமாகவே பார்ப்பார்கள் என்று எழுதியிருந்தது. மறுப்புத் தெரிவிக்க ஒரு மாதம் இருந்தது.

"எழுதித் தாடி. எனக்கு அந்த வேலை வேணும்."

"தோளில நட்சத்திரம் இருக்கு. நீயே எழுதன்."

"நட்சத்திரம் இருக்கு, இலக்கணம் இல்லை" என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்பைத்தான் எல்லோருக்கும் பிடிக்கும். கடிதத்தை மடித்துக் கொடுத்தேன். "எழுதிப் பிரயோசனமில்லை. விடு."

"ஓம், நீ சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்றாள். மாதம் முடிந்தது, அந்தக் காவல் வேலையும் போனது.

அந்தத் தடை நியாயம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் அதே கடிதத்தை வேறு யாராவது கொண்டுவந்திருந்தால், அன்றைக்கே உட்கார்ந்து மறுப்பு எழுதிக் கொடுத்திருப்பேன்.